அப்பாவின் குதிகால்

அப்பாவின் குதிகாலுக்கு மேலே ஒரு தடிப்பு உண்டு. தோட்டத்து மேடு பள்ளத்தில் நடந்து வந்தது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்தோம். போன வாரம் ஹட்டனில் என் ரிப்போர்ட்டைப் பார்த்த டொக்டர், "வீட்டில் யாருக்காவது குதிகாலுக்கு மேலே தடித்திருக்கா?" என்று கேட்டார். தூக்கிவாரிப் போட்டது.

எனக்கு எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு 214. வயது 36, ஆளோ ஒல்லி. ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயுமாக வளர்ந்தவனுக்கு இவ்வளவு கொழுப்பு எங்கிருந்து வரும்? இரத்தத்தில் திரியும் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் வாங்கிகள் ஈரலில் இருக்கின்றன. அதற்கான மரபணு 19ஆம் நிறமூர்த்தத்தில். பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதான பிரதி வந்தாலே போதும், பிறந்ததிலிருந்து கொழுப்பு தேங்கும், குதிகாலிலும் படியும். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. பிள்ளைக்குப் போக 50 சதவீத வாய்ப்பு.

பெரியப்பா 44 வயதில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் விழுந்தவர் எழும்பவில்லை. செய்வினை என்றுதான் லயத்தில் பேசினார்கள். இந்தக் கொழுப்பு இதயத்தை அடைத்திருக்குமோ என்று இப்போதுதான் தோன்றுகிறது.

அம்மா பக்கம் சீனி வருத்தம். அது வேறு கதை. அங்கே ஒன்றல்ல, நூற்றுக்கணக்கான மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். வயிற்றுக் கொழுப்பும் உள்ளே புகையும் அழற்சியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அதற்கு நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் நன்றாகவே உதவும். என் கொழுப்புக்கோ மாத்திரை இல்லாமல் சரிவராதாம்.

தங்கச்சியிடம் பிள்ளைகளுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்லிவிட்டேன். அப்பாதான் இன்னும் நம்பவில்லை. "மலை ஏறின காலுடா இது" என்கிறார்.