பெட்ரோல் ஏறியது, மீட்டர் ஏறவில்லை: பெரம்பூர் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒரு நாட்குறிப்பு

2022 மார்ச் 22, செவ்வாய்

காலை ஆறு மணிக்கே பங்க்கில் போர்டு மாறிவிட்டது. பெட்ரோல் 101.40-லிருந்து 102.16. டீசல் 92.19. கூடவே வீட்டு சிலிண்டருக்கும் 50 ரூபாய் ஏற்றியிருக்கிறார்கள். போன நவம்பர் 4 முதல் நேற்று வரை, நாலரை மாதம், பெட்ரோல் விலை ஒரு பைசாகூட அசையவில்லை. பிப்ரவரி 24-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. மார்ச் முதல் பத்து நாளுக்குள் கச்சா எண்ணெய் பீப்பாய் 130 டாலரைத் தாண்டியது. அப்போதும் அசையவில்லை. மார்ச் 10-ல் ஐந்து மாநிலத் தேர்தல் முடிவு வந்தது, இப்போது ஏறுகிறது.

2017 ஜூனிலிருந்து விலை தினமும் மாறும் என்றார்கள். மாறட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. தேர்தலுக்காக நிறுத்திவைத்துவிட்டுப் பாக்கியை மொத்தமாக எங்கள் தலையில் இறக்குவதைத்தான் ஏற்க முடியவில்லை. இது எங்கே போய் நிற்கும் என்று எழுதிவைக்கப் போகிறேன்.

மார்ச் 25, வெள்ளி

103.67. ஸ்டாண்டில் வேறு பேச்சே இல்லை. கேஸ் வண்டி வைத்திருப்பவர்களுக்காவது நிம்மதி இருக்கும் என்று பார்த்தால், அதுவும் ஏறியிருக்கிறது.

மார்ச் 28, திங்கள்

இன்றும் நாளையும் நாடு தழுவிய வேலைநிறுத்தம். மத்தியத் தொழிற்சங்கங்கள் கேட்கும் கோரிக்கைகளில் விலை உயர்வும் ஒன்று. அரசு பஸ்கள் பெரும்பாலும் டெப்போவை விட்டு வெளியே வரவில்லை. எங்கள் ஸ்டாண்டில் பாதிப்பேர் வண்டி எடுக்கவில்லை, மீதிப் பேர் எடுத்தார்கள்.

நான் எடுக்கவில்லை. எடுத்தவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். வாடகை வண்டி ஓட்டுகிறவன் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் முதலாளிக்கு வாடகை கொடுத்தாக வேண்டும். என் வண்டி சொந்த வண்டி, ஃபைனான்ஸ்காரருக்கு மாதம் ஒருமுறை டியூ கட்டினால் போதும், ஒரு நாள் தாங்கும். ஆனால் பஸ் இல்லாத நாளில் சென்ட்ரல் போக முந்நூறு கேட்டார்கள் என்று சாயங்காலம் கேள்விப்பட்டபோது வருத்தமாக இருந்தது. நாம் யாருக்காக வேலைநிறுத்தம் செய்கிறோமோ, அவர்களிடமே பறிப்பதா?

ஏப்ரல் 2, சனி

108.21. நேற்று ஒரு நாள் விட்டுவைத்தார்கள்.

ஸ்கூல் டிரிப்புக்குப் பணம் கூட்டிக் கேட்டாக வேண்டும். கேட்பதற்கு முன் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். காலையும் மாலையும் சேர்த்து அந்த ஓட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். பன்னிரண்டு நாளில் ஏறக்குறைய ஏழு ரூபாய் ஏறியிருக்கிறது, பத்தில் போய் நிற்கும் என்று வைத்தாலும் மாதம் 22 பள்ளி நாளுக்கு 220 ரூபாய். ஐந்து பிள்ளைகளுக்குப் பிரித்தால் தலைக்கு 44. ஆளுக்கு நூறு கேள் என்று ஸ்டாண்டில் சொன்னார்கள். ஐம்பது கேட்பது என்று முடிவு செய்தேன்.

முதல் வீட்டில் அந்தப் பையனின் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக் கொடுத்தார். அடுத்த வீட்டில் அக்காவும் தம்பியுமாக இரண்டு பிள்ளைகள். அவர்களின் அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலைக்குப் போகிறவர்.

"அண்ணா, நீங்க கேக்குறது தப்பில்ல. ஆனா எங்க கம்பெனியில எனக்கு யாரும் ஏத்தித் தரலையே" என்றார். குரலில் கோபம் இல்லை. படிக்கட்டுக்குக் கீழே அவருடைய ஸ்கூட்டி தூசி படிந்து நின்றது. போன வாரத்திலிருந்து வெள்ளை போர்டு பஸ்ஸில்தான் போகிறாராம். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் அந்தச் செலவு மிச்சம். ஆனால் பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் முன்னால் கிளம்ப வேண்டியிருக்கிறது. "அதனாலதான் பசங்களுக்கு மத்தியானத்துக்கு வெறும் தயிர் சாதம். வேற செய்ய நேரமில்ல" என்றார்.

அவரிடம் நான் எப்படிக் கேட்பது? இரண்டு பேருக்கும் சேர்த்து ஐம்பது போதும்மா என்றேன். மறுக்காமல் கொடுத்தார். வண்டியில் ஏறிய பெரிய பெண் வழக்கமாகத் தொணதொணவென்று பேசுவாள். இன்று பள்ளி வாசல் வரை வாயே திறக்கவில்லை. பிள்ளைகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஏப்ரல் 6, புதன்

பெட்ரோல் 110.85. டீசலும் நூறைத் தாண்டி 100.94. பதினாறு நாளில் பதினாலு முறை.

இன்று என் கணக்கை முழுதாக எழுதிவிடுகிறேன். ஒரு நாளைக்கு நாலு லிட்டர் போடுகிறேன். லிட்டருக்கு 9.45 கூடுதல் என்றால் நாளைக்கு 38 ரூபாய், மாதத்துக்கு ஏறக்குறைய ஆயிரம். நாங்கள் மாதா மாதம் சீட்டுக்குக் கட்டுவதும் அதே ஆயிரம்தான்.

அடுத்தது மீட்டர். சென்னையில் அரசு கடைசியாக ஆட்டோ கட்டணம் நிர்ணயித்தது 2013 ஆகஸ்டில். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. அன்றைக்குப் பெட்ரோல் எழுபதுகளில் இருந்தது. இன்று 110. எட்டரை வருஷமாக அந்த 12 ரூபாய் 12 ரூபாயாகவே இருக்கிறது. பெரம்பூரிலிருந்து கொளத்தூருக்கு ஐந்து கிலோமீட்டர் என்றால் மீட்டர்படி 63.40. திரும்பி வர சவாரி கிடைக்காவிட்டால் பத்து கிலோமீட்டர் வண்டி ஓடியிருக்கும். லிட்டருக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்தால் பெட்ரோலுக்கு மட்டும் 44 ரூபாய் போச்சு. மிச்சம் பத்தொன்பது ரூபாயில் ஆயில், டயர், இன்சூரன்ஸ், எஃப்சி என்கிற வண்டித் தகுதிச் சான்று, டியூ, சாப்பாடு. யாரால் மீட்டர் போட்டு ஓட்ட முடியும்?

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அதை ஸ்டாண்டில் சொன்னால் முறைக்கிறார்கள். இந்தப் பதினாறு நாள் உயர்வால் அதே கொளத்தூர் சவாரிக்கு எனக்குக் கூடிய செலவு நாலு ரூபாய்கூட இல்லை. காலியாகத் திரும்புவதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஆனால் பெட்ரோல் நூற்றிப் பத்து என்று சொல்லி எங்கள் ஆட்கள் கூட்டிக் கேட்பது இருபது, முப்பது. ஆப்பில் ஓட்டுகிறவனுக்கோ அந்த நாலு ரூபாயும் கிடைப்பதில்லை. கம்பெனி போட்ட ரேட்டில் கமிஷன் போக மீதியை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நியாயமான ஒரு மீட்டர் இருந்திருந்தால் பயணி நாலைந்து ரூபாய் கூடக் கொடுத்திருப்பார், எனக்கும் நஷ்டமில்லை, தெருவில் நின்று சண்டை போட வேண்டியதுமில்லை. பேரம் என்று வந்துவிட்டால் வாய் உள்ளவன் முப்பது கூட வாங்குகிறான். வாய் இல்லாதவன் பழைய காசுக்கே ஓட்டுகிறான். மழையில் கைக்குழந்தையோடு நிற்கிற பெண் கேட்டதைக் கொடுக்கிறாள்.

ஏப்ரல் 9, சனி

மூன்று நாளாக விலை அப்படியே நிற்கிறது.

ஏப்ரல் 17, ஞாயிறு

வீட்டுக் கணக்கு நோட்டை இன்று இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். நோட்டு எழுதுவது என் மனைவிதான். தெருவில் நாலைந்து வீட்டுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறாள், அந்த வரவும் அதிலேயே இருக்கிறது.

அரிசி ரேஷனில் விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் பாக்கெட் 25, இதுவும் ரேஷன்தான். இவை இல்லையென்றால் இந்த மாதம் கடன்தான் வாங்கியிருப்போம். உக்ரைனிலிருந்து வரத்து நின்றதில் சூரியகாந்தி எண்ணெய் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அதை நிறுத்திவிட்டு முழுக்கப் பாமாயிலுக்கு மாறிவிட்டோம். வெளியூரிலிருந்து கோயம்பேட்டுக்குக் காய் கொண்டுவரும் லாரிக்கு டீசலும் ஏறியிருக்கிறது, ஏப்ரல் 1 முதல் டோலும் ஏறியிருக்கிறது. அது நேராகக் காய் விலையில் தெரிகிறது. கடைகளுக்கான சிலிண்டர் ஒரே நாளில் 250 ரூபாய் அளவுக்கு ஏறியதால் ஸ்டாண்டு டீக்கடையில் பத்து ரூபாய் டீ பன்னிரண்டு. கடைக்காரரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அவருக்குக் கூடியதை அவர் எங்களிடம் வாங்கிக்கொள்ள முடிகிறது. லாரிக்காரர் வியாபாரியிடம் வாங்குவார், வியாபாரி நம்மிடம் வாங்குவார். என்னால் முழுதாக யாரிடமும் வாங்க முடியாததால் மிச்சம் இந்த நோட்டுக்குள் வந்து உட்காருகிறது.

"ஏங்க, சீட்டை மட்டும் நிறுத்த வேணாம். பெரியவளுக்குக் காலேஜ் ஃபீஸ் அதுலதான் கட்டணும்" என்றாள். பால் ஒரு பாக்கெட் குறைத்திருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை, நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். லைனிங் துணி, நூல் வாங்க பாரிமுனைக்கு இலவச பஸ்ஸில் போய் வருகிறாள். போன வருஷம் மே மாதம் அந்தத் திட்டம் வந்தபோது, ஷேர் ஆட்டோவுக்கு ஆள் குறையும் என்று சங்கத்தில் புலம்பினோம். குறைந்ததும் உண்மை. ஆனாலும் இந்த மாதம் என் வீட்டைத் தாங்கியதில் அந்த பஸ்ஸுக்கும் பங்கு உண்டு. அதை யாராவது நிறுத்தச் சொன்னால் நான் எதிர்த்து நிற்பேன்.

ஏப்ரல் 28, வியாழன்

நேற்று முதலமைச்சர்களோடு நடந்த கொரோனா கூட்டத்தில் பிரதமர், பெட்ரோல், டீசலுக்கு மாநிலங்கள் போடும் வாட் வரியைக் குறைக்காத மாநிலங்களின் பட்டியலில் தமிழ்நாட்டையும் சொன்னார். இன்று சட்டமன்றத்தில் முதல்வர் பதில் சொன்னார். நாள் முழுக்க டிவியில் இதே விவாதம்.

2014 தொடக்கத்தில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய கலால் வரி 9.48 ரூபாய். 2020 மே மாதம், கொரோனாவால் உலகச் சந்தையில் எண்ணெய் விலை அடிமட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில், அதை ஏறக்குறைய 33 ரூபாய் ஆக்கினார்கள். விலை விழுந்ததன் பலன் எங்களுக்கு வராமல் வரியாகப் போனது. போன நவம்பரில் ஐந்து ரூபாய் குறைத்து இப்போது 27.90. அதிலும் மாநிலங்களோடு பங்கிடுவது 1.40 ரூபாய் அடிப்படை வரியை மட்டும்தான். மீதியெல்லாம் செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் மத்திய அரசுக்கே போகிறது. இந்த விஷயத்தில் மாநில அரசு சொல்வது சரி.

அதே நேரத்தில், தேர்தல் அறிக்கையில் பெட்ரோலுக்கு ஐந்து ரூபாய் குறைப்போம் என்றவர்கள் போன ஆகஸ்டில் குறைத்தது மூன்று. இரண்டு ரூபாய் பாக்கி இருக்கிறது. வாட் வரியில் 13 சதவீதம் என்ற பகுதி, விலை ஏறும்போது தானாக ஏறும். ஆட்டோ கட்டணம் முழுக்க முழுக்க மாநில அரசின் கையில் இருப்பது. அதற்கு டெல்லியைக் காட்ட முடியாது.

மே 7, சனி

சிலிண்டர் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. மறுபடியும் 50 ரூபாய். மானியம் என்று கணக்கில் விழுவது பேருக்குத்தான். தக்காளியும் ஏறிக்கொண்டே போகிறது.

பெரியவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு வியாழக்கிழமை தொடங்கியது. தேர்வு மையத்துக்கு நானே கொண்டுபோய் விடுகிறேன். பஸ்ஸிலேயே போய்க்கிறேன்பா, பெட்ரோல் வீண் என்றாள். எதைக் குறைத்தாலும் இதைக் குறைப்பதில்லை என்று சொல்லிவிட்டேன்.

மே 22, ஞாயிறு

மத்திய அரசு நேற்றிரவு அறிவித்த குறைப்பு இன்று காலை பங்க்கில் தெரிந்தது. கலால் வரி பெட்ரோலுக்கு எட்டு ரூபாய், டீசலுக்கு ஆறு. சென்னையில் இப்போது பெட்ரோல் 102.63, டீசல் 94.24. லிட்டருக்கு 8.22 குறைவு என்றால் மாதத்துக்கு எண்ணூற்றுச் சொச்சம் மிச்சம். மனசார நன்றி. ஏழைக் குடும்பப் பெண்களுக்குக் கொடுத்த உஜ்வலா இணைப்புகளுக்கு சிலிண்டருக்கு 200 ரூபாய் மானியமாம். எங்களுடையது சாதாரண இணைப்பு. டீ இன்னும் பன்னிரண்டுதான்.

மத்தியானம் கொளத்தூர் சவாரி ஏறிய பெரியவர், "அதான் குறைச்சிட்டாங்களே, நீ குறைக்க மாட்டியாப்பா?" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். வண்டியை ஓரம் நிறுத்தி, ஏப்ரலில் எழுதிய அதே கணக்கைச் சொன்னேன். இந்த தூரத்துக்குக் குறைந்திருப்பது மூன்று ரூபாய் சொச்சம். ஐந்து ரூபாய் குறைத்து வாங்கிக்கொண்டேன். "இதை மீட்டர்லயே காட்டுனா நான் ஏன் கேக்கப் போறேன்" என்றார் அவர்.

சங்கத்தில் செவ்வாய்க்கிழமை மனு எழுதப் போகிறார்கள். அடிப்படைக் கட்டணத்தை உயர்த்து என்று மட்டும் எழுதினால், இன்னொரு எட்டு வருஷம் கழித்து நாங்கள் இதே இடத்தில்தான் நிற்போம். ஆகவே ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: புதிய கட்டணம் நிர்ணயித்த பிறகு, பெட்ரோல் ஐந்து ரூபாய் ஏறினால் கிலோமீட்டருக்கு 40 பைசா தானாக ஏற வேண்டும், ஐந்து ரூபாய் இறங்கினால் 40 பைசா இறங்க வேண்டும்.

"இறங்கணும்னும் நாமளே எழுதணுமா?" என்று கேட்டார் ஸ்டாண்டில் மூத்தவர்.

எழுதணும்ணே என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் மறுபடியும் பேச வேண்டும்.