காவடி ரோஸ்: திரையிலிருந்து தாள் வரை ஒரு நிறம்

மொரிஷியஸில் தைப்பூசக் காவடி என்றாலே கண்ணில் முதலில் நிற்பது அந்த அடர் ரோஸ் நிறம்தான். வேட்டி, சேலை, காவடியைச் சுற்றிய துணி என்று ஊர்வலம் முழுவதும் அதே நிறம் ஓடுகிறது. குவாத்ர் போர்னில், கோர் தெ கார்ட் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்கு ஏறிப் போகும் கூட்டத்தை டிஜிட்டல் ஓவியத் தொடராக வரைய விரும்பினேன். திரையில் ஒரு நிறம், கைப்பேசியில் வேறொரு நிறம், அச்சில் மூன்றாவதாக ஒன்று என்று ஆகாமல் அந்த ரோஸ் எங்கும் ரோஸாகவே இருக்க வேண்டும் என்பதற்காக, நிறக் கோட்பாட்டையும் நிற மேலாண்மையையும் சேர்த்தே படிக்கத் தொடங்கினேன். முன்னது ஓவியருக்கு, பின்னது அச்சகத்தாருக்கு என்று பாடங்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். செய்து பார்த்த அளவில் இரண்டையும் பிரிக்க முடியாது என்றே சொல்வேன். காரணம் கீழே வருகிறது.

முதலில் ஒளியளவு, அதாவது ஒரு நிறம் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்பது. பெரும்பாலான ஓவியச் செயலிகளில் நிறம் தேர்ந்தெடுக்கும் சக்கரம், சாயல், செறிவு, பிரகாசம் என்ற மூன்று எண்களால் நிறத்தைச் சொல்லும் எச்எஸ்வி முறையில் இயங்குகிறது. அதில் முழு மஞ்சளுக்கும் முழு நீலத்துக்கும் கடைசி எண் ஒன்றே, அதாவது 100. ஆனால் கண் உணரும் விதத்தில் நிறத்தை அளக்க 1976-இல் வகுக்கப்பட்ட சிஐஈ லாப் அளவுகோலில் அதே மஞ்சளின் ஒளியளவு 97, நீலத்தின் ஒளியளவு 32. கண் உணரும் வெளிச்சத்தில் பச்சைக்குத்தான் பெரும்பங்கு என்பதே இதற்குக் காரணம்: திரைகள் பொதுவாகப் பின்பற்றும் எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் (எந்த எண் எந்த நிறம் என்று வகுக்கும் முறை) வெளிச்சத்தைக் கணக்கிடும்போது பச்சைக்கு 71.52 விழுக்காடும், சிவப்புக்கு 21.26 விழுக்காடும், நீலத்துக்கு வெறும் 7.22 விழுக்காடும் கிடைக்கின்றன. ஆகவே சக்கரத்தின் எண்ணை நம்பாமல், எல்லா லேயருக்கும் மேலே கறுப்பு நிரப்பிய ஒரு லேயரை வைத்து, அதன் கலவை முறையை 'நிறம்' என்று மாற்றி, தேவைப்படும்போது அதைத் திறந்து படத்தைச் சாம்பல் நிறத்தில் பார்க்கும் பழக்கத்தைக் கிரிட்டா என்ற ஓவியச் செயலியில் ஏற்படுத்திக்கொண்டேன்.

அப்படிப் பார்த்தபோது என் படத்தைப் பற்றி ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நான் அடிப்படையாக எடுத்துக்கொண்ட ரோஸின் சிவப்பு, பச்சை, நீல எண்கள் 255, 20, 147. அதன் ஒளியளவு ஏறத்தாழ 56. வெயில் விழும் மாநிறத் தோளுக்கும் நான் கொடுத்த ஒளியளவு அதை ஒட்டியே வருகிறது. அதாவது துணியையும் உடலையும் பிரித்துக் காட்டுவது ஒளியளவு அல்ல, செறிவு மட்டுமே. படத்தின் மேடுபள்ளத்தைத் தாங்க வேண்டியவை வேறு பொருள்கள்: பால்குடத்தின் பளபளப்பு, திருநீறு, எலுமிச்சம்பழங்கள், நிழலில் கிடக்கும் தலைமுடி. இதைப் புரிந்துகொண்டபின் கூட்டத்தை அமைக்கும் விதமே மாறிவிட்டது. ரோஸ் துணியை ஒரே பெரிய பரப்பாக விட்டுவிட்டு, வெளிச்சத்தின் உச்சத்தையும் இருளின் ஆழத்தையும் அதன் ஓரங்களில் வைக்கிறேன்.

ரோஸ் துணியில் வெயில் படும் இடத்தை எப்படி வெளுக்கச் செய்வது என்பது தனிப் பாடம். ஒவ்வொரு சாயலும் தன் முழுச் செறிவை வெவ்வேறு ஒளியளவில்தான் எட்டும் என்பதை அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் மன்செல் 1905-இல் வெளியிட்ட தன் நிறக் குறியீட்டு முறையிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தார். அதனால்தான் அவருடைய நிற உருவம் சீரான உருண்டையாக அமையாமல் ஒரு பக்கம் புடைத்தும் மறுபக்கம் ஒடுங்கியும் இருக்கிறது. மஞ்சள் வெளிச்சமான நிலையிலேயே முழுச் செறிவுடன் இருக்க முடியும். ரோஸுக்கு அது முடியாது. ஒளியளவு 56-இல் 85 வரை போகும் அதன் செறிவு, 80-க்கு ஏறும்போது எஸ்ஆர்ஜிபிக்குள் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வெள்ளையைக் கூட்டிக்கொண்டே போனால் துணி சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆவது இதனால்தான். வெயில் படும் மடிப்பில் சாயலைச் சற்றே சிவப்புப் பக்கம் நகர்த்தி, ஒளியளவை 65-க்கு மேல் ஏற்றாமல் நிறுத்தி, சுற்றியுள்ளவற்றை இருட்டாக்குவதே எனக்குப் பலன் கொடுத்த வழி.

இங்குள்ள வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். இந்தத் தீவு தெற்கு அகலாங்கு 20 பாகையில் இருக்கிறது. காவடி வரும் சனவரி கடைசியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும் உச்சிப் பொழுதுச் சூரியன் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல் நிற்கிறது. தோளும் உச்சந்தலையும் வெளுக்க, முகம் நிழலில் விழுகிறது. அந்த நிழலுக்குள் வருவதெல்லாம் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் ஒளிதான். ஆகவே தாடைக்கு அடியிலும் முன்கையின் உட்புறத்திலும் பக்கத்தில் நடப்பவரின் துணியிலிருந்து தெறிக்கும் ரோஸை மெல்லிதாக இழைக்கிறேன். இது இல்லாவிட்டால் ஆட்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக வெட்டி ஒட்டியவர்கள்போல் தெரிகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி திருநீறு. நெற்றியில் மூன்று பட்டையை எந்தச் சாயலும் இல்லாத நடுநிலைச் சாம்பலில், மூன்று எண்களும் சமமாக இருக்கும்படி போட்டேன். ரோஸ் தலைப்பாகைக்குக் கீழே அது பச்சையோடிய சாம்பலாகத் தெரிந்தது. எண்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாலும் அவை சமமாகவே இருந்தன; தலைப்பாகை லேயரை மறைத்தால் பச்சை போய்விட்டது, திறந்தால் மீண்டும் வந்தது. பாரிஸின் கொப்லாங் திரைச்சீலைத் தொழிற்சாலையில் சாயப் பிரிவைக் கவனித்துவந்த வேதியியலாளர் ஷெவ்ரூல் சந்தித்ததும் இதே சிக்கல்தான். கறுப்புச் சாயத்தில் அழுத்தம் இல்லை என்று குறை சொன்னார்கள். அவர் ஆராய்ந்து பார்த்து, குறை சாயத்தில் இல்லை, அருகில் நெய்திருக்கும் நிறத்தில் இருக்கிறது என்று கண்டார். ஒரு நிறம் தன் பக்கத்திலுள்ளதைத் தனக்கு எதிர்நிறத்தின் பக்கம் தள்ளுகிறது என்ற விதியை 1839-இல் விரிவாக வெளியிட்டார். திருநீறு வெறும் சாம்பலாகத் தெரிய வேண்டுமானால் அதில் ஒரு துளி ரோஸைக் கலக்க வேண்டும். கலந்ததும் பச்சை நீங்கி, நெற்றியில் திருநீறு திருநீறாகவே அமர்ந்தது. மாறாக, தார்ச்சாலையின் சாம்பலை நான் திருத்தவில்லை. அங்கே இன்னும் கொஞ்சம் பச்சையைச் சேர்த்தேன். அதனால் ரோஸைத் தொடாமலே அதன் வேகம் கூடியது.

பிரஷ் கலவையைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. எஸ்ஆர்ஜிபியில் 128 என்ற எண் பாதி ஒளியைக் குறிப்பதில்லை, ஏறத்தாழ 21.6 விழுக்காடு ஒளியைத்தான் குறிக்கிறது. உண்மையான பாதி ஒளி 188-இல் இருக்கிறது. எனவே ரோஸும் இலைப் பச்சையும் சந்திக்கும் மெத்தென்ற ஓரங்களில், சாதாரணக் கலவை முறையில், அழுக்கான கரும்பட்டை ஒன்று உருவாகிறது. எண்ணும் ஒளியும் ஒரே விகிதத்தில் ஏறும் நேர்கோட்டு ஒளிக் கணக்கில் வேலை செய்யும் ஆவணத்தில் அந்தப் பட்டை வருவதில்லை.

இனி மேலாண்மைக்கு வருகிறேன். 'ஒரு படி அரிசி' என்றால் எந்த ஊர்ப் படி என்று கேட்காமல் அளக்க முடியாது. 255, 20, 147 என்பதும் அப்படித்தான்; எந்த நிறவெளியின் 255 என்று சொல்லாதவரை அது ஒரு நிறமே ஆகாது. அதைச் சொல்வதுதான் கோப்புடன் ஒட்டியிருக்கும் ஐசிசி புரொஃபைல். இதற்கான பொதுத் தரத்தை வகுக்கும் ஐசிசி அமைப்பு 1993-இல் தொடங்கியது. எச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996-இல் முன்வைத்து 1999-இல் சர்வதேசத் தரமான எஸ்ஆர்ஜிபியும், 1998-இன் அடோபி ஆர்ஜிபியும் சிவப்புக்கும் நீலத்துக்கும் ஒரே முதன்மைப் புள்ளிகளைக் கொண்டவை. பச்சைப் புள்ளி மட்டும் வேறு. இருந்தும் என் ரோஸை முறையாக மாற்றினால் அடோபி ஆர்ஜிபியில் அது ஏறத்தாழ 219, 27, 143 என்று எழுதப்படுகிறது. எண் மாறியது, நிறம் மாறவில்லை. எண்களை மாற்றாமல் புரொஃபைலை மட்டும் மாற்றி ஒட்டினால் நடப்பது இதற்கு நேர்மாறு: எண் அப்படியே நிற்க, நிறம் ஓடிவிடும். 'மாற்றுவது', 'ஒட்டுவது' ஆகிய இரண்டு கட்டளைகளுக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டை மனத்தில் ஊன்றிக்கொண்டவருக்கு நிற மேலாண்மையில் பாதி முடிந்துவிட்டது என்பேன். அடோபி ஆர்ஜிபி கோப்பைப் புரொஃபைல் இல்லாமல் அனுப்பினால், பெறுகிற செயலி அதை எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொண்டு வெளிறிய ரோஸைக் காட்டும்; ஆகவே கைப்பேசியில் பார்ப்பவர்களுக்காக எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, புரொஃபைலை உள்ளே பதித்தே அனுப்புகிறேன்.

மானிட்டரை அளக்க, நிறம் அளக்கும் கருவியான ஒரு கலரிமீட்டரும், ஆர்கில் சிஎம்எஸ் மென்பொருளும் போதுமானவையாக இருந்தன. இதில் இரண்டு வேலைகள் உண்டு. திரையின் வெள்ளை எந்த வெள்ளை என்று சொல்லும் வெண்புள்ளியைப் பகல் ஒளியைக் குறிக்கும் டி65-க்கும் வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 120 கேண்டெலாவுக்கும் கொண்டுவந்து நிறுத்துவது முதல் வேலை. அப்படி நிறுத்தியபின் அந்தத் திரை உண்மையில் எதைக் காட்டுகிறது என்று அளந்து புரொஃபைலில் பதிவது இரண்டாவது வேலை. திரை அரை மணி நேரமாவது எரிந்து சூடேறிய பிறகே அளக்கிறேன். அறை இருக்கும் விதமும் முக்கியம்: பிற்பகலில் மேற்கு சன்னல் வழியாக வரும் மஞ்சள் ஒளியில் ரோஸ் எப்போதுமே தணிந்து தெரிந்ததால், சாம்பல் நிறத் திரைச்சீலையை மாட்டி, மேசைக்குப் பின்னாலிருந்த சுவரையும் நடுநிலை நிறத்துக்கு மாற்றினேன்.

அச்சுதான் இரண்டு பாடங்களும் சந்திக்கும் இடம். பளபளப்புத் தாளில் ஐரோப்பிய ஆஃப்செட் தரத்தின்படி முழு மஜந்தா மையின் லாப் மதிப்பு ஏறத்தாழ 48, 74, -3 (முதல் எண் ஒளியளவு; இரண்டாவது பச்சையிலிருந்து சிவப்புப் பக்கமும், மூன்றாவது நீலத்திலிருந்து மஞ்சள் பக்கமும் எவ்வளவு என்பது). என் ரோஸோ ஏறத்தாழ 56, 85, -6. அதாவது திரையின் ரோஸ் மையைவிட வெளிச்சமாகவும் செறிவாகவும் இருக்கிறது. எந்த அச்சகத்தாரும் சாதாரண நான்கு மைகளில் அதைக் கொண்டுவர முடியாது. தாளின் புரொஃபைலை வைத்து, அச்சின் தோற்றத்தை முன்கூட்டியே திரையில் காட்டும் சாஃப்ட் ப்ரூஃபிங்கைத் திறந்து பார்த்தேன். திரை நிறத்தை அச்சுக்கு மாற்றும் வழிகளில் ஒன்றான சார்பு அளவீட்டு முறையில், மைகளால் தர முடிந்த நிறங்களின் எல்லைக்கு வெளியே இருந்த ரோஸ்கள் எல்லாம் எல்லைக்கோட்டில் ஒன்றாக வந்து குவிந்ததால் வேட்டியின் மடிப்புகள் மறைந்து தட்டையாகின. எல்லா நிறங்களையும் சேர்த்துச் சுருக்கும் உணர்வு முறையில் மடிப்புகள் தப்பின, ஆனால் தோல் நிறங்களும் சேர்ந்து தணிந்துவிட்டன. தோலை இழக்க எனக்கு மனமில்லை. சார்பு முறையையே வைத்துக்கொண்டு, மடிப்புகளைக் கையாலேயே எல்லைக்குள் கொண்டுவந்தேன். மை மிக வலுவாக இருப்பது ஒளியளவு 48-இல் என்றால், துணியின் உச்சச் செறிவை வெயில் படும் பக்கத்தில் வைக்காமல் அரைநிழலில் வைப்பதே முறை. வெயில் பக்கத்தைச் சற்று வெளிறவிட்டு, அரைநிழலில் முழு மஜந்தாவைக் கொடுத்து, பின்னணி மாவிலைகளின் பச்சையில் பாதியைச் சாம்பலாக்கியபோது, தாளில் வந்த ரோஸ் திரையின் ரோஸுக்கு அருகில் நின்று ஈடுகொடுத்தது. அளந்தால் அது குறைவான ரோஸ்தான். ஷெவ்ரூல் சொன்ன பக்கத்து நிறத்தின் வேலை, ஐசிசி எல்லை மறுத்ததைத் திருப்பிக் கொடுத்தது. கருவியின் எல்லையைக் கூட்ட முடியாதபோது ஓவியரின் கையில் எஞ்சுவது நிறங்களுக்கு இடையிலான உறவுதான். அந்த உறவை எங்கே பயன்படுத்த வேண்டும் என்பதை எல்லையின் எண்கள் சொல்லிவிடுகின்றன.

இப்போது தொடரில் அடுத்ததாக இங்குள்ள புளூ பே என்ற விரிகுடாவின் கடல்நீரை எடுத்திருக்கிறேன். இங்கே நிலைமை தலைகீழ். அதே அச்சுத் தரத்தில் முழுச் சியான் மையின் மதிப்பு 55, -37, -50. இது எஸ்ஆர்ஜிபி எல்லைக்கு வெளியே இருக்கிறது. அச்சு எப்போதும் திரையைவிடக் குறைந்தது என்று பொதுவாகச் சொல்லப்படுவது சியானைப் பொறுத்தவரை செல்லாது. எஸ்ஆர்ஜிபியில் வரைந்தால், தாள் தரக்கூடிய நீலத்தை நாமே வேண்டாம் என்று விட்டுவிடுகிறோம். ஆகவே இந்தக் கோப்பை எல்லை அகன்ற அடோபி ஆர்ஜிபியில், பட்டைபட்டையாகப் படி விழாமல் இருக்க 16 பிட்டில் தொடங்கியிருக்கிறேன். என் திரை அந்த நீலம் முழுவதையும் காட்டாது என்பதால், அந்தப் பகுதியில் கண்ணைவிட லாப் எண்களையே பார்த்துத் தூரிகை போடுகிறேன். மேட் தாளிலும் பளபளப்புத் தாளிலும் சியான் சாய்வுப் பட்டைகளை அச்சிட்டு, பாறைத்திட்டுக்கு உட்புறத்து நீரின் ஒளியளவை எதுவரை ஏற்றலாம் என்று ஒப்பிடுவது அடுத்த வேலை.