எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள்

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஓசூரில் ஷிஃப்ட் முடித்து பொம்மனஹள்ளிக்கு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தவரை இரவு பதினொன்றரைக்கு ஒரு டெம்போ இடித்துவிட்டது. அல்சூரிலிருந்து அடித்துப் பிடித்து நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வலது தொடை எலும்பும் இடது மணிக்கட்டும் முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். நெஞ்சு எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லையாம். மாமா நன்றாகவே பேசினார். என்னைப் பார்த்ததும் கேட்டது, "வண்டி என்னாச்சு?"

கொஞ்ச நேரத்தில் டியூட்டி டாக்டர் ஒரு படிவத்தோடு வந்தார். தலையிலிருந்து இடுப்பு வரை சி.டி. ஸ்கேன், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் ஊசியில் மருந்து ஏற்றி எடுக்க வேண்டும் என்றார். பில்லை ஏற்றுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. "எக்ஸ்-ரேயில்தான் ஒன்றுமில்லையே சார்?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பாதி கன்னடம், பாதி தமிழில் விளக்கினார். நுரையீரலைச் சுற்றிய உறைக்குள் காற்று கசிந்திருந்தால், நிற்கிறவருக்கு அது மேலே ஏறி எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் தெரிந்துவிடும். மாமாவுக்கு மல்லாக்கப் படுக்கவைத்து எடுத்திருந்தார்கள். அப்போது காற்று நெஞ்சின் முன்பக்கம் போய் நிற்கும். கொஞ்சமாக இருந்தால் எக்ஸ்-ரேயில் தப்பிவிடும். சி.டி. உடம்பைக் குறுக்கே துண்டு துண்டாகக் காட்டுவதால் அங்கே மறைய இடமில்லை. பெரிய ரத்தக்குழாய் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த மருந்து. கடைசியாக, "தொடை எலும்பே உடைகிற அடி. நெஞ்சு மட்டும் தப்பியிருக்கும் என்று எப்படி நம்புவது?" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

சர்க்கரை, கிட்னிக் கோளாறு, ஆஸ்துமா, ஏதாவது அலர்ஜி என்று வரிசையாகக் கேட்டார்கள். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினுக்கு ரத்தம் எடுத்தாலும், அவசரம் என்பதால் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கவில்லை. ஆனால் பிரஷர் நிலைக்கு வரும்வரை காத்திருந்தார்கள். பிரஷர் விழுந்துகொண்டிருக்கும் ஆளை ஸ்கேன் அறைக்கு அனுப்புவது ஆபத்து என்றார் நர்ஸ். ஸ்கேன் சில நிமிடங்கள்தான். மருந்து ஏறியபோது உடம்பெல்லாம் வெந்நீர் ஊற்றியதுபோலவும் மூத்திரம் போய்விட்டதுபோலவும் இருந்ததாம். மனுஷர் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்.

முடிவு: இடதுபக்கம் மூன்று விலா எலும்புகளில் கீறல், நுரையீரலில் அடிபட்டுக் கன்றிய ரத்தக்கட்டு, அதன் முன்னால் கொஞ்சம் காற்று. தலையும் வயிறும் பரவாயில்லை.

அந்தக் கொஞ்சம் காற்று எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. காலுக்கும் கைக்கும் சேர்த்து அறுவை என்பதால் முழு மயக்கம். மெஷின்தான் மூச்சைத் தள்ளும். அந்த அழுத்தத்தில் கசிவு பெருத்து நுரையீரலையும் இதயத்தையும் நெருக்கலாம். சின்னக் கசிவென்றால் காற்றை வெளியேற்றும் குழாய் போடாமல் கவனித்துக்கொண்டிருப்பதும் உண்டாம். இவர்கள் அபாயம் வேண்டாமென்று முதலில் அக்குளுக்குக் கீழே குழாய் போட்டார்கள். மறுமுனை தண்ணீர் பாட்டிலில். மாமா மூச்சு விடும்போதெல்லாம் அதில் குமிழி வரும். அக்கா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நுரையீரல் ரத்தக்கட்டு ஓரிரு நாளில் அதிகமாகலாம் என்பதால் ஆக்சிஜன் அளவைப் பார்த்து மறுநாள்தான் அறுவை.

மூன்றாம் நாள் ஒரு இளம் டாக்டர் இன்னொரு சி.டி. என்றார். இந்தமுறை, அது கட்டாயம் வேண்டுமா என்று தைரியமாகக் கேட்டேன். நெஞ்சு எக்ஸ்-ரேயில் கதிர்வீச்சு சுமார் 0.1 மில்லிசீவர்ட், நெஞ்சு சி.டி.யில் 6, 7 வரை போகும். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, மூச்சு சீராக இருக்கிறது, எக்ஸ்-ரே போதும் என்றார். முதல் ஸ்கேனுக்குச் சண்டை போட்டதற்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. இரண்டாவது எதற்கு என்று கேட்டதற்கு இல்லை.

ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'கால்சிஃபைடு கிரானுலோமா' என்று இருந்தது. அக்கா அதை போனில் தேடிப் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. எப்போதோ வந்து தானாக ஆறிய தொற்றின், பெரும்பாலும் காசநோயின் தழும்பு அது, நம் ஊரில் நிறைய பேருக்கு உண்டு என்றார் டாக்டர். யாராவது முந்தின நாளே சொல்லியிருக்கலாம்.

ஐந்தாம் நாள் குமிழி நின்றது, குழாயை எடுத்தார்கள். டிஸ்சார்ஜின்போது ஃபிலிமோடு சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள், ஸ்கேன் பதிந்த அந்தத் தட்டைத்தான் சொல்கிறேன். ஃபிலிமில் சில படங்கள்தான் இருக்கும். வேறு டாக்டரிடம் காட்டப் போனபோது, நான் போனில் எடுத்துவைத்திருந்த போட்டோக்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.