பெரிய வெள்ளிக்கு மத்தேயு 27 வாசிக்கிறவர்களுக்கு

மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை சபைகளில் வாசிப்பவர்களே, இந்த அதிகாரத்தில் பரியாசம் நான்கு இடத்தில் வருகிறது: போர்ச்சேவகர் (27–31), வழிப்போக்கர் (39–40), பிரதான ஆசாரியர் கூட்டம் (41–43), கள்ளர் (44).

சேவகர் நடத்துவது பொய் முடிசூட்டு. அங்கி, முள்முடி, வலதுகையில் கோல், முழங்கால், வாழ்த்து. பிறகு அதே கோலை எடுத்துத் தலையில் அடிக்கிறார்கள். தயவுசெய்து இங்கே அவசரப்படாதீர்கள்.

43-ம் வசனத்தின் ஏளனம் சங்கீதம் 22:8-ல் உள்ளதுதான். 'என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்' என்ற இயேசுவின் கூக்குரலும் (46) அதே சங்கீதத்தின் முதல் வரி. பலர் அந்த வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சங்கீதத்தின் 22-ம் வசனத்தில் புலம்பல் துதியாகத் திரும்புகிறது. 24-ம் வசனத்தில் தேவன் சிறுமைப்பட்டவனுக்கு முகத்தை மறைக்கவில்லை. இதை விட்டுவிடுவதால்தான், வீட்டில் அடிபடும் பெண்ணிடம் 'இது உன் சிலுவை, பொறுத்துக்கொள்' என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சங்கீதத்தின் 31 வசனங்களையும் வாசியுங்கள்.