கல்லில் ஒரு வயது கூட

வாஷிங்டன் பக்கத்தில் அமெரிக்கப் போர்வீரர்களைப் புதைக்கும் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் எல்லாரும் முதலில் கென்னடி சமாதிக்குத்தான் போவார்கள். நானும் போனேன். அப்புறம் வெயிலில் மேடேறி, பெயர் தெரியாத வீரர் கல்லறையில் காவல் மாறுவதையும் பார்த்தாயிற்று. திரும்பலாம் என்றபோது, நினைவரங்கத்துக்கு எதிரே சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு மரத்தருகில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஆடி மர்ஃபியின் கல்லறை. இரண்டாம் உலகப் போர் வீரர், பிறகு சினிமா நடிகர்.

முழங்காலுக்குச் சற்று மேல் வரும் சாதாரண வெள்ளைக் கல்தான். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் வாங்கியவர்களின் கல்லில் எழுத்துகளுக்குப் பொன்முலாம் பூசுவார்கள்; இவரும் வாங்கியவர்தான், ஆனால் இதில் இல்லை. இருந்தும் பார்க்க வருகிறவர்கள் அத்தனை பேர் என்பதால் கல் பாவித் தனியாக ஒரு நடைபாதையே போட்டிருக்கிறார்கள்.

பிறந்த ஆண்டு 1924 என்று செதுக்கியிருக்கிறது. அது பொய். டெக்சாஸ் குத்தகை விவசாயியின் மகன். அப்பா விட்டுவிட்டுப் போனார், அம்மா 1941-இல் இறந்தார். 17 வயதுப் பையனைப் பட்டாளத்தில் சேர்க்க அக்கா ஒரு வயதைக் கூட்டி எழுதிக் கொடுத்தாள். மரைன் படையில் ஆள் ரொம்பச் சிறிசு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்; தரைப்படைதான் எடுத்துக்கொண்டது.

1945 ஜனவரி 26, பிரான்சில் ஓல்ட்ஸ்விர் கிராமத்துக்கு வெளியே, தீப்பிடித்து எரிந்த கவச வண்டிமேல் ஏறி ஏறக்குறைய ஒரு மணி நேரம் தனியாளாக இயந்திரத் துப்பாக்கியால் ஜெர்மானியரைத் தடுத்தார். காலில் காயம். அப்போது வயது 19.

எல்லாரும் சொல்லும் கதை அங்கே முடிந்துவிடும். எனக்கோ அதற்குப் பிறகு வந்த 26 வருஷம்தான் பெரிதாகத் தெரிகிறது. 40-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார், சரி. ஆனால் தலையணைக்கடியில் குண்டு போட்ட துப்பாக்கி இல்லாமல் தூங்கியதில்லை. தூக்க மாத்திரைக்கு அடிமையானது தெரிந்ததும் ஒரு விடுதி அறையில் தன்னைப் பூட்டிக்கொண்டு, ஒரு வாரம் கிடந்து விட்டொழித்தார். கொரியா, வியட்நாமிலிருந்து திரும்பியவர்களின் மனக்காயத்துக்கு அரசு வைத்தியம் பார்க்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். சூதாட்டத்தில் பணம் போய்க் கடனில் தவித்தபோதும் மது, சிகரெட் விளம்பரத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் கெட்டுப்போகும் என்றாராம்.

1971 மே 28. வர்ஜீனியாவின் பிரஷ் மலையில், மழையும் மூடுபனியுமாக இருந்த நாளில் அவர் போன சின்ன விமானம் மோதி, அதிலிருந்த ஆறு பேரும் போனார்கள்.

பக்கத்தில் நின்ற பையன் விரல் விட்டுக் கழித்துப் பார்த்து, "நாற்பத்தாறு" என்று அப்பாவிடம் சொன்னான். கல்லின் கணக்குப்படி சரிதான். நாற்பத்தைந்து என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை. கல்லின் மேல் வைத்திருந்த காசுகளில் ஒன்று புல்லில் விழுந்து கிடந்தது. எடுத்து மேலே வைத்துவிட்டு மெட்ரோவுக்கு இறங்கினேன்.