இருட்டில் தூண்டில் போட எந்த நரம்பு?

பகலில் தக்கையைப் பார்த்துக்கொண்டே தூண்டில் போடலாம். இருட்டிவிட்டால் மீன் கடிப்பதை விரல்தான் சொல்ல வேண்டும். அந்தச் சேதியை விரலுக்குக் கொண்டுவருவது நரம்பு, அதாவது முள்ளைக் கட்டும் தூண்டில் நூல். கடைக்குப் போனதும் "எத்தனை கிலோ தாங்கும்?" என்று மட்டும் கேட்டு வாங்கினால் இரவு வேலைக்குப் போதாது. இழுத்தால் எவ்வளவு நீளும், தண்ணீரில் மிதக்குமா மூழ்குமா, கட்டையில் உரசினால் தாங்குமா என்பதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

முதலில் எந்த மீனுக்கு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களில் ராத்திரி இரை தேடி வருவது கெளுத்தி, தேளி, விலாங்கு, வாளை. விரால் பொழுது சாயும்போதும் விடியும்போதும்தான் நன்றாக எடுக்கும். பின்னிரவில் இன்னொன்றும் நடக்கிறது. இரவு முழுக்கச் செடிகளும் பாசியும் மூச்சுவிடுவதால் விடியலுக்குச் சற்று முன்புதான் தண்ணீரில் ஆக்ஸிஜன் மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் கட்லாவும் ரோகுவும் சோர்ந்துபோகும். விராலும் தேளியும் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போவதால் அவற்றுக்கு அவ்வளவு சிரமமில்லை. பாசி மண்டிய கண்மாயில் நாலு மணிக்குத் தூண்டில் போடுகிறவர் இவற்றுக்கான நரம்போடு போக வேண்டும்.

சாதாரண நைலான் நரம்பு, நம் பக்கத்தில் தங்கூசி என்று கேட்டாலும் கொடுப்பார்கள், நல்ல இழுப்பில் தன் நீளத்தில் 20 சதவீதத்துக்கு மேல் நீளும். அருகில் போட்டால் இது நன்மைதான்: வாளை திடீரென்று திமிறினாலும் அதிர்ச்சியை நரம்பு வாங்கிக்கொள்ளும், முள் வாயைக் கிழித்துக்கொண்டு வராது. 30 மீட்டர் தள்ளிப் போட்டால் அதே குணம் எதிரியாகிவிடும். கெளுத்தி மண்புழுவை மெதுவாகக் கவ்வி இழுப்பது அந்த நீட்சியிலேயே கரைந்துபோய், விரலுக்கு எதுவும் வந்து சேராது. நைலான் தண்ணீரையும் உறிஞ்சும். நனைந்ததும் கொஞ்சம் பலம் குறையும், முடிச்சுப் போட்ட இடத்தில் இன்னும் குறையும். 0.35 மி.மீ. நரம்பின் உருளையில் சுமார் 8 கிலோ என்று போட்டிருந்தால், கையில் இருப்பது 6 கிலோ என்று நினைத்துக்கொள்வது நல்லது.

பின்னல் நரம்பு, அதாவது பிரெய்ட், இதற்கு நேர்மாறு. நீட்சி கிட்டத்தட்ட இல்லை, தூரத்துக் கடியும் விரலில் 'டக்'கென்று தெரியும். தண்ணீரைவிட லேசான பாலிஎத்திலீன் இழை என்பதால் மிதக்கும். ஆகாயத்தாமரை ஓரத்திலும் சம்பு ஓரத்திலும் ரப்பர் தவளையை மேலாக இழுத்து விரால் பிடிக்க இதுதான் சரி. விரால் செடிக்குள் புகுந்தாலும் மெல்லிய பின்னல் தண்டை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பின்னலின் தடிமனைச் சொல்லும் பிஇ எண்ணில் 2 அல்லது 3 போதும்.

ஆனால் நம் கண்மாய்களில் தண்ணீருக்கு அடியில் கிடப்பது சீமைக்கருவேலங்கட்டை. வெட்டிய அடிக்கட்டையின் சொரசொரப்பில் இறுக்கமாக நிற்கும் பின்னல் இரண்டு தடவை உரசினால் போதும், ஒவ்வொரு இழையாகப் பிரிந்து பட்டென்று போய்விடும். கலுங்கு, மடைக் கருங்கல்லிலும் இதே கதைதான். அந்த இடங்களில் தடித்த நைலானின் வழவழப்பான மேல்தோல் நன்றாகத் தாங்கும். அதனால் பின்னல் போடுகிறவர்கள் அதன் நுனியில் ஒன்றரை மீட்டர் 0.45 நைலானைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். உரசல் எல்லாம் அந்தத் துண்டுக்கே போகும். கட்டை நிறைந்த கண்மாய் என்று தெரிந்தால் பின்னலை வீட்டில் வைத்துவிட்டு 0.40 நைலானை மட்டும் சுற்றிக்கொண்டு போவதே என் தேர்வு. கடி கொஞ்சம் மந்தமாகத் தெரியும். மீன் கரைக்கு வந்து சேரும்.

ஃப்ளோரோகார்பன் என்ற இன்னொரு வகை நரம்புக்கு, தண்ணீரில் கண்ணுக்கு எளிதில் தெரியாது என்பதற்காகத்தான் விலை அதிகம். கலங்கிய கண்மாயில், அதுவும் இருட்டில், அந்தக் காசு வீண். ஓடும் வைகையில் இரை தரையோடு கிடக்க வேண்டும் என்றால் மட்டும் அது சீக்கிரம் மூழ்குவது உதவும். அதையும் 10 முதல் 15 கிராம் கூடுதல் ஈயத்திலேயே சரிசெய்துவிடலாம். கண்மாய்க்கு 10 கிராம் ஈயக்குண்டு போதும். பேரணைப் பக்கமோ சோழவந்தான் பக்கமோ தண்ணீர் திறந்து ஓடும்போது 20 முதல் 30 கிராம் வேண்டும்.

முள்ளைக் கட்டும் கடைசித் துண்டான அடிநரம்பு மீனுக்கு மீன் மாறும். கெளுத்திக்கும் தேளிக்கும் 0.30 நைலான் 40 செ.மீ., 4 அல்லது 6 ஆம் எண் முள். விலாங்கு நரம்போடு சேர்ந்து உடம்பை முறுக்கிச் சுருட்டிக்கொள்ளும். அதற்கு 0.50 தடிமனில் 25 செ.மீ. மட்டும் விட்டு, மேலே ஒரு சுழலி (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் தானே சுழலும் சின்ன இணைப்பு) கட்டாயம் போடுங்கள். வாளையின் வாய் நிறையப் பொடிப்பற்கள், நைலானை அரம் போல ராவிவிடும், 20 செ.மீ. எஃகுக் கம்பி இல்லாமல் வாளைக்குப் போகாதீர்கள்.

மூங்கில் கம்பில் போடுகிறவர்களுக்கு ஒரு அளவு. பகலில் கம்பின் நீளத்துக்கு நரம்பு விடுவது வழக்கம். இரவில் ஒரு சாண் குறைத்துக் கட்டுங்கள். கம்பைச் செங்குத்தாகத் தூக்கினால் முள் நெஞ்சுக்கு நேராக வந்து நிற்கும், இருட்டில் துழாவ வேண்டியதில்லை. தேளி மாட்டியிருந்தால் இது இன்னும் முக்கியம். பக்கத்துடுப்பு முள் குத்தினால் கடுக்கும் கடுப்பு லேசானதல்ல, குறடு இல்லாமல் தொட வேண்டாம்.

நிறத்தில், முதன்மை நரம்புக்கு ஒளிரும் மஞ்சள் அல்லது பச்சை வாங்குங்கள். ஊதா டார்ச் அடித்தால் நரம்பு பளிச்சென்று தெரியும், தண்ணீரில் வெள்ளை வெளிச்சம் பாய்ச்ச வேண்டியதில்லை. தக்கைக்கு சிஆர்425 பேட்டரி போட்ட சிவப்பு விளக்குத் தக்கை கிடைக்கிறது, ஒளிக்குச்சியைவிட நீடிக்கும்.

இரவில் நரம்பு சிக்குவதற்கு முக்கியக் காரணம் ரீலில் சுற்றிய விதம். உருளை விளிம்புக்கு 2 மி.மீ. கீழே வரை சுற்ற வேண்டும். அதற்கு மேல் சுற்றினால் வளையம் வளையமாக நழுவி விழும், பகலில் கண்ணில் படும், இரவில் அடுத்த வீச்சில் பறவைக்கூடாகத்தான் தெரியும். பின்னலை வெறும் உருளையில் சுற்றினால் மொத்தமும் வழுக்கிச் சுழலும். முதலில் ஐந்தாறு மீட்டர் நைலான் சுற்றி அதன்மேல் பின்னலைக் கட்டுங்கள். வீசியதும் பெயில் கம்பியை (ரீலில் நரம்பை உருளைக்கு வழிகாட்டும் வளைந்த கம்பி) கையால் மூடி, நரம்பை விரலால் ஒரு முறை இழுத்து இறுக்கிவிட்டுச் சுற்றினால் பாதிச் சிக்கல் வராது. மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடிப்பான டிராக்கை வீட்டிலேயே தராசுக் கொக்கியில் மாட்டி, நரம்பின் பலத்தில் கால் பங்குக்கு வைத்துவிடுங்கள்: 8 கிலோ நரம்புக்கு 2 கிலோ.

முடிச்சும் வீட்டு வேலைதான். அடிநரம்புகளை முள், சுழலியோடு ஆறேழு கட்டி, தெர்மாகோல் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டால் கரையில் மாட்டுவது மட்டும்தான். நைலானில் கிளிஞ்ச் முடிச்சு, ஐந்து சுற்று. பின்னலில் அது வழுக்கும், பாலோமர் போடுங்கள். நைலானையும் பின்னலையும் இணைக்க இரட்டை யூனி முடிச்சு, பின்னல் பக்கம் எட்டுச் சுற்று, நைலான் பக்கம் நான்கு. எந்த முடிச்சானாலும் இறுக்கும் முன் எச்சிலால் நனைக்க வேண்டும். காய்ந்தபடி இறுக்கினால் உரசல் சூட்டில் நைலான் அந்த இடத்திலேயே வலுவிழக்கும். பார்த்தால் நுனி சுருள் சுருளாக வந்திருக்கும்.

அடியில் சிக்கிய பின்னலைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது, விரல் எலும்பு வரை அறுத்துவிடும். ஒரு குச்சியில் நாலு சுற்றுச் சுற்றி, நேராகப் பின்னால் நடந்து இழுங்கள்.

நம் ஊர் வெயிலில் நைலான் சீக்கிரம் கெட்டுப்போகும். வண்டியிலோ மொட்டை மாடியிலோ போட்டு வைத்த உருளையை நம்ப வேண்டாம். கிளம்பும் முன் கடைசி மூன்று மீட்டரை இரண்டு விரல் நகத்துக்கு நடுவே விட்டு இழுத்துப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினாலோ வெளுத்துப் பொடி உதிர்ந்தாலோ அதை வெட்டிவிட வேண்டும். வெட்டிய துண்டைக் கரையில் போடாமல் பையில் எடுத்து வாருங்கள். நீர்க்காகமும் கொக்கும் காலில் நரம்பு சுற்றிச் சாகின்றன, மேய வரும் ஆட்டின் வயிற்றுக்குள்ளும் போய்விடும். பல கண்மாய்களில் மீன் பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, குத்தகைக்கு விடப்பட்டிருக்கும் என்பதால் குத்தகைக்காரரிடம் பகலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இரவில் இறங்குங்கள்.