கோஷியன்: முன்னிலையில் இருந்தால் பயப்படும் ரசிகர்கள்

ஜப்பானின் தொழில்முறை பேஸ்பால் அணியான ஹான்ஷின் டைகர்ஸுக்கு ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஒரு சோதனை வரும். சொந்த மைதானமான கோஷியனை அனைத்து ஜப்பான் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் போட்டிக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு, மூட்டை முடிச்சுகளுடன் வெளியேற வேண்டும். பட்டத்துக்கான போட்டி சூடுபிடிக்கும் நேரம் அதுதான். ஆட்டக்காரர்கள் ஊர் ஊராகச் சுற்றி, ஓட்டல் அறைகளில் தூங்கி, அடுத்தவன் மைதானத்தில் ஆடித் திரும்புவார்கள். ரசிகர்கள் இதற்குச் ‘சாவுப் பயணம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் ஒசாகாவில் உள்ள கியோசெரா டோமை வாடகைக்கு எடுத்துச் சில ஆட்டங்களை நடத்துவதால் கடுமை குறைந்திருக்கிறது. பெயர் மட்டும் போகவில்லை.

கோபேயில் வேலைக்கு வந்த எனக்கு இந்த அணியின் மீது பைத்தியம் பிடித்தது 2023-இல். 38 ஆண்டுகள் காத்திருந்து அந்த ஆண்டுதான், இரண்டு லீக்குகளிலிருந்தும் ஒவ்வோர் அணி வந்து மோதும் இறுதித் தொடரான ஜப்பான் சீரிஸை வென்றார்கள். வெற்றியோடு சேர்ந்தவனை மூத்த ரசிகர்கள் அவ்வளவாக மதிப்பதில்லை. ‘அடுத்த வருடமும் வா, பார்க்கலாம்’ என்பதுபோல ஒரு சிரிப்புதான் கிடைக்கும். அடுத்த வருடம், அதாவது 2024-இல், அந்தச் சிரிப்பின் பொருள் விளங்கிவிட்டது.

நடப்புச் சாம்பியன் ஆடுகிற ஆட்டமா அது! பந்துவீச்சில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முந்தைய ஆண்டு லீகின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வான முராகாமி ஷோகி இந்த முறையும் ஒழுங்காகத்தான் வீசினார். ஆனால் அவருக்கு ரன் எடுத்துக் கொடுக்க ஆளில்லை. ஆண்டு முடிவில் அவர் கணக்கில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம். மட்டையடியில் அணியின் தூண்கள் என்று நம்பியிருந்த இருவரில் சாத்தோ தெருவாக்கியை மே மாதத்தில், தேர்ச்சிக்காக வைத்திருக்கும் இரண்டாம் அணிக்கு இறக்கினார்கள். ஒயாமா யூசுகேயை ஜூனில். மட்டை வரிசையில் நான்காவதாக, பெரிய அடிகளுக்காகவே நிற்கிறவரையே அனுப்பிவிட்டால் மிச்சம் யார் அடிப்பது? மேலாளர் ஒகாடா அகினோபு ஆட்டம் முடிந்ததும் பத்திரிகையாளர்களிடம் புலம்புவதில் பெயர் பெற்றவர். அந்தக் கோடையில் அவர் புலம்பலுக்குப் பஞ்சமே இருக்கவில்லை. அணி ஒரு வாரம் ஏறும், மறு வாரம் சறுக்கும். ஆனாலும் பட்டம் எட்டாத தூரத்துக்குப் போய்விடவும் இல்லை. கைவிட்டுவிடலாம் என்றால் அதற்கும் வழி விடாத அணி.

ஜூலையில் ஒரு மாலை கோபே சன்னோமியாவிலிருந்து ஹான்ஷின் ரயிலில் கிளம்பினேன். அணியும் மைதானமும் இந்த ரயில்வே குழுமத்துக்கே சொந்தம். பெட்டியில் பாதிப் பேர் மஞ்சள், கறுப்புச் சட்டையில் இருந்தார்கள். அலுவலகத்திலிருந்து நேராக வந்த ஒருவர் கழுத்துப்பட்டையைக் கழற்றிப் பையில் திணித்து, வெள்ளைச் சட்டையின் மேலேயே அணியின் சட்டையை மாட்டிக்கொண்டு, கதவுக் கண்ணாடியில் முதுகு எண்ணைச் சரிபார்த்துக்கொண்டார். சுமார் 20 நிமிடத்தில் கோஷியன் நிலையம் வந்துவிடுகிறது. இறங்கி, மேம்பாலச் சாலையின் அடியில் நடந்தால், கொடி படர்ந்த சுவர் எதிரே நிற்கிறது. 1924 ஆகஸ்ட் 1 அன்று திறந்த மைதானம். நான் போனபோது நூற்றாண்டு விழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. 1934-இல் பேப் ரூத் இங்கே வந்து ஆடியிருக்கிறார்.

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது மண். உள்வட்டம் முழுக்கப் புல்லே இல்லாத கருமண். நீர் தெளித்துச் சமன் செய்யும் பணியாளர்களின் வேலையைப் பார்க்கவே சீக்கிரம் போகலாம். எவ்வளவு சமன் செய்தாலும் ஆட்டம் நடக்க நடக்கக் காலணித் தடம் பதிந்து, தரையோடு வரும் பந்து எதிர்பாராமல் எகிறும். டைகர்ஸ் தடுப்பாட்டத்தில் ஏன் இத்தனை தவறு செய்கிறது என்று கேட்டால் ரசிகர்கள் உடனே மண்ணைக் காட்டுவார்கள். எதிரணியும் அதே மண்ணில்தானே ஆடுகிறது என்று நான் கேட்பதில்லை. ஊரில் பகை எதற்கு?

மண்ணைவிட நியாயமான சாக்கு, காற்று. கடல் பக்கமிருந்து வரும் காற்று வலது புறத்திலிருந்து இடது புறமாக வீசும். சாத்தோவைப் போன்ற இடக்கை மட்டையாளர் ஓங்கி அடித்தால் பந்து இயல்பாகப் போவது வலது எல்லைக்கு, அதாவது நேரே காற்றின் எதிரில். அன்று மாலையும் அப்படி ஒன்று உயர எழுந்தது. ஆர்ப்பரித்து எழுந்த கூட்டம், பந்து சுவருக்கு முன்னால் தளர்ந்து தடுப்பாளரின் கையுறைக்குள் விழுந்ததும் ஒரே பெருமூச்சாக உட்கார்ந்தது. அந்தப் பெருமூச்சைக் கேட்கவே டிக்கெட் வாங்கலாம். முன்பு ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு அப்பால் பறக்கவிடும் அடி) சுலபமாகட்டும் என்று உள்ளே தள்ளி ஒரு வேலி போட்டிருந்தார்களாம். 1991 பருவத்தோடு அதையும் எடுத்துவிட்டார்கள்.

என் பக்கத்து இருக்கையில் எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர். மடியில் ஆட்டக் குறிப்பேடு, கையில் தட்டி ஒலி எழுப்பும் சின்ன பிளாஸ்டிக் மட்டைகள். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனித்தனி ஊக்கப் பாடல் உண்டு. எல்லாம் அவருக்கு மனப்பாடம். டைகர்ஸ் இரண்டு ரன் முன்னிலை பெற்றபோது நான் துள்ளினேன், அவர் பென்சிலைக் கூர்தீட்டினார். “நீங்கள் 2008-இல் இங்கே இல்லை, அதனால்தான் சிரிக்கிறீர்கள்” என்றார்.

2008 கதை இங்கே குழந்தைக்கும் தெரியும். அந்த ஜூலையில் பரம எதிரியான யோமியூரி ஜயன்ட்ஸை வெற்றி தோல்விக் கணக்கில் 13 ஆட்டங்கள் பின்னால் தள்ளியிருந்தது டைகர்ஸ். பட்டம் கையில் வந்துவிட்டது என்று ஊரே நம்பியது. பிறகு ஆகஸ்ட் வந்தது. பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்குப் போன அராய் தாகாஹிரோ முதுகு எலும்பில் காயத்தோடு திரும்பினார். முன்னிலை கரைந்து கரைந்து கடைசியில் பட்டத்தை ஜயன்ட்ஸ் எடுத்துக்கொண்டு போனது. அப்போதும் மேலாளர் இதே ஒகாடாதான், தோல்விக்குப் பொறுப்பேற்று விலகினார். அதனால் ஐந்து ஆட்டம் பின்தங்கினால் நிம்மதியாகத் தூங்கும் இந்த ஊர், ஐந்து ஆட்டம் முன்னே போனால் நகம் கடிக்கிறது. 2024-இன் ஏற்ற இறக்கத்தில் நான்தான் தவித்தேன். பாட்டி நலமாகவே இருந்தார்.

இடைவேளையில் கோஷியன் கறி சாப்பிட்டேன். மைதானம் திறந்த காலத்திலிருந்து விற்கிறார்களாம். இனிப்பாக இருக்கிறது, மிளகு வாசனை தெரியவில்லை. பழமைக்கு மரியாதை கொடுத்து முழுவதும் சாப்பிட்டேன். இன்னொரு முறை சாப்பிட மாட்டேன்.

ஆகஸ்டில் மறுபடி போனேன், இந்த முறை வீட்டைப் பிடித்துக்கொண்டவர்களைப் பார்க்க. மொத்தம் 49 பள்ளி அணிகள். ஒவ்வொரு ஆட்டமும் சைரன் ஒலியில் தொடங்கிச் சைரன் ஒலியில் முடிகிறது. வெயில் கொளுத்திய அந்த ஆண்டில் முதல் மூன்று நாட்களுக்கு ஆட்டங்களைக் காலை, மாலை என்று பிரித்தே நடத்தினார்கள். பையில் போட்டு விற்கும் உடைத்த ஐஸை வாங்கிப் பிடரியில் வைத்துக்கொண்டு, உருக உருக உறிஞ்சிக் குடித்தேன். தோற்ற பையன்கள் மண்டியிட்டு, அழுதபடியே அந்தக் கருமண்ணை நினைவுக்காகக் காலணிப் பையில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்கு ஒரே தோல்வியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. டைகர்ஸுக்கோ 143 ஆட்டங்கள்; இன்று தோற்றால் நாளை மாலை ஆறு மணிக்கு மறுபடி ஆட வேண்டும். எது கொடுமை என்று கேட்டால் நான் 143 என்றுதான் சொல்வேன்.

அன்று மாலையே டோமில் டைகர்ஸ் ஆட்டம். கோஷியனிலிருந்து அமாகசாகி போய், அங்கே நம்பா பாதை ரயிலுக்கு மாறி, டோம்-மாயே நிலையத்தில் இறங்க வேண்டும். வழியில் அமாகசாகி மத்திய கடைவீதியை எட்டிப் பார்த்தேன். இரண்டாம் இடத்து அணி இனி எட்டிப்பிடிக்கவே முடியாது என்பதற்கு இன்னும் எத்தனை வெற்றி தேவை என்று ஒரு கணக்கு உண்டு. மற்ற ஊர்களில் கோடை முதிர்ந்த பிறகே அந்த எண்ணைப் பேசுவார்கள். இந்தக் கடைவீதியிலோ முதல் பந்து வீசும் முன்பே விளக்குப் பலகையில் ஏற்றிவிடுகிறார்கள். ஒருபுறம் நகம் கடிப்பு, மறுபுறம் இந்த அவசரம்! பக்கத்துக் கடையில் பொரித்த பண்டம் வாங்கியபோது கடைக்காரர் என் சட்டையைப் பார்த்துவிட்டு ஒன்று கூடுதலாகப் போட்டார்.

டோம் எனக்குப் பிடிக்கவில்லை. குளிர்சாதனம், செயற்கைப் புல், காற்றே கிடையாது. சாத்தோ அடித்தது சுவருக்கு முன்னால் விழுந்தால் பழிபோட எதுவும் இல்லை. ஆனால் அன்று வென்றார்கள். ரொக்கோ மலையிலிருந்து இறங்கும் காற்றைப் பற்றிய அணிப் பாடலை, காற்றே நுழையாத கூரையின் கீழ் ஆயிரக்கணக்கானோர் நின்று பாடினோம். பாடி முடித்த கையோடு எல்லோரும் கைபேசியை எடுத்தார்கள். ஜயன்ட்ஸ் என்ன ஆயிற்று?

அந்த ஆண்டு இரண்டாம் இடம். லீகின் முதல் மூன்று அணிகள் மோதும் பிளே-ஆஃபில் மூன்றாம் இடத்து டெனா பேஸ்டார்ஸிடம் தோற்று வெளியேறினார்கள். அதே பேஸ்டார்ஸ் ஜப்பான் சீரிஸையும் வென்றது. ஒகாடா விலகி, முன்னாள் பந்துவீச்சாளர் புஜிகாவா கியூஜி மேலாளராக வந்தார். 2025-இல் செப்டம்பர் 7 அன்றே லீக் பட்டம் உறுதியாகிவிட்டது. இவ்வளவு சீக்கிரம் எந்த அணியும் முடித்ததில்லை. எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டிய சாத்தோ அந்த ஆண்டு 40 ஹோம் ரன் அடித்தார்.

போக நினைப்பவர்களுக்கு: கோடையில் டைகர்ஸைக் கோஷியனிலேயே பார்க்க வேண்டுமானால் ஜூலைக்குள் போய்விடுங்கள், அல்லது பள்ளிப் போட்டி முடியும்வரை பொறுத்திருங்கள். இருக்கை வலதுபுற வெளிவட்டத்தில் கிடைத்தால் ஊக்கப் பாடல் குழுவோடு நின்றுகொண்டே ஆட்டம் பார்க்க நேரிடும். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் உள்வட்டப் பக்கம் எடுப்பது நல்லது. கறியை விட்டுவிட்டு, சுட்ட கணவாய் வாங்குங்கள்.